கதவுக்கு இந்தப் பக்கம்

ஸ்டேடியம் சுற்றிப்பார்க்க வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்குக் கை கழுவும் பழக்கம் கிடையாது. இதைக் குறையாகச் சொல்லவில்லை ஐயா, பார்த்ததைச் சொல்கிறேன். வாசலில் சிப்ஸ் பாக்கெட்டைக் காலி செய்துவிட்டு விரலை ஒவ்வொன்றாக நக்குவார்கள். அதே விரலோடு உள்ளே வந்து கோப்பை இருக்கும் கண்ணாடிப் பெட்டியைத் தடவுவார்கள். சிலர் முத்தம் கொடுப்பார்கள். அவர்கள் போன பிறகு துணியை எடுத்துக்கொண்டு அந்த உதட்டுத் தடத்தைத் துடைப்பது நான்தான்.

நீங்கள் கேட்டதற்கு ஒரே வரியில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் அப்படிச் சொன்னால் என்னைத் தப்பாகப் புரிந்துகொள்வீர்கள். என் வேலை எப்படிப்பட்டது, மாமா எப்படிப்பட்டவர் என்று முதலில் தெரிய வேண்டும். தண்ணீர் வேண்டாம், நன்றி. அந்த டம்ளரில் யாரோ வாய் வைத்திருக்கிறார்கள். விளிம்பில் தெரிகிறது.

நான் அங்கே கைடு. மேட்ச் பார்க்க வருகிறவர்களின் கண்ணில் படாத இடங்களையெல்லாம் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவது என் வேலை. ஆட்டக்காரர்கள் உடை மாற்றும் அறை, ஐஸ் தொட்டி, மசாஜ் மேசை, மைதானத்துக்குப் போகும் சுரங்கப் பாதை, பத்திரிகைக்காரர்கள் உட்காரும் ஹால், கடைசியாக லாக்கப். மக்கள் உடை மாற்றும் அறைக்குள் நுழைந்ததும் கண்ணை மூடிக்கொண்டு மூச்சை இழுப்பார்கள், ஏதோ மல்லிகைத் தோட்டத்துக்குள் வந்துவிட்ட மாதிரி. அவர்கள் இழுப்பது பினாயில் வாசனை. மேட்ச் முடிந்த கையோடு அந்த அறையை நீங்கள் பார்க்க வேண்டும். தரையெல்லாம் சேறு. காலிலிருந்து பிய்த்தெடுத்த பிளாஸ்திரியில் முடி ஒட்டிக்கொண்டிருக்கும். துப்பிய தண்ணீர், மிதிபட்ட வாழைப்பழத் தோல், மூக்கில் அடைத்து எடுத்த ரத்தப் பஞ்சு. காற்றே வழவழவென்று இருக்கும். சிலநாள் நான் வாயால் மூச்சு விடுவேன், அப்புறம் அது வாய்க்குள் போகிறதே என்று மூக்குக்கு மாறுவேன்.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனால் வீட்டில் மாமா.

அவர் பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். மாமியார் தவறியதும் என் மனைவி அவரை எங்களோடு கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். ஒரே மகள், வேறு போக்கிடம் இல்லை. நான் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. நல்ல மனிதர் என்று எல்லாரும் சொல்வார்கள். நானும் சொல்வேன். ஆனால் நல்ல மனிதருக்கும் உடம்பு என்று ஒன்று இருக்கிறது. பல்செட்டைக் கழற்றி நாங்கள் தண்ணீர் குடிக்கும் டம்ளரில் போட்டு வைப்பார். பிஸ்கட்டை டீயில் முக்கி, அது உடைந்து விழுந்துவிட்டால் விரலை விட்டுத் துழாவி எடுப்பார். இருமினால் அடிவயிற்றிலிருந்து ஏதோ ஒன்று தொண்டை வரைக்கும் வரும், வந்ததை என்ன செய்தார் என்று நான் பார்க்காமல் திரும்பிக்கொள்வேன். சர்க்கரை வியாதி. குளியலறைக்கு அவசரமாகப் போவார், சில சமயம் போய்ச் சேர மாட்டார்.

எல்லாவற்றையும்விட ஷூ. தினமும் நான் கிளம்புவதற்கு முன்னால் என் ஷூவைத் துடைத்து வைப்பார். யாரும் கேட்கவில்லை. எச்சிலைத் தொட்டுத் தொட்டுப் பளபளவென்று ஆக்கிவிடுவார்.

"மாப்பிள்ளை நாலு பேர் முன்னாடி நிக்கறவரு. ஷூ மின்ன வேணாமா?" என்பார்.

நான் சிரித்துவிட்டு அதைப் போட்டுக்கொண்டு போவேன். ஸ்டேடியத்துக்குப் போனதும் முதல் வேலையாகக் குழாயடியில் நின்று சோப்புப் போட்டுக் கழுவுவேன். காலுறைக்குள் ஈரம் இறங்கி நாள் முழுக்கச் சொதசொதவென்று இருக்கும். அதுகூடத் தேவலை.

எங்கள் ஃபுட்பால் கிளப் என்றால் அவருக்கு உயிர். வாழ்நாள் முழுக்க, கூரை இல்லாத பக்கத்தில் வெயிலில் நின்று மேட்ச் பார்த்தவர். ஒருநாள் மனைவி ஆரம்பித்தாள்.

"என்னங்க, அப்பாவை ஒரு தடவை உள்ளே கூட்டிட்டுப் போய்க் காட்டுங்களேன். சொந்த மாப்பிள்ளை அங்கேயே வேலை பார்த்தும் அவர் வெளியிலேயே நிக்கறாரு."

சீசன் முடிந்து, புல்லை உரித்துவிட்டுப் புதிதாகப் போடுவதற்காக ஸ்டேடியத்தை மூடும் சமயம். அதற்கு முந்தைய கடைசிக் குழுவில் அவரைச் சேர்த்துக்கொண்டேன். அன்று காலை வீட்டில் அவர் இஸ்திரி போட்ட சட்டையும் கழுத்தில் கிளப் மஃப்ளருமாக, பரீட்சைக்குப் போகிற பையன் மாதிரி உட்கார்ந்திருந்தார். மனைவி மாத்திரையைச் சட்டைப்பையில் வைத்துவிட்டு என்னிடம் மட்டும் மெதுவாகச் சொன்னாள்.

"அடிக்கடி பாத்ரூம் போகணும்பாரு. கொஞ்சம் பார்த்துக்கங்க."

ஸ்டேடியத்தில் மாமா குழுவில் ஒருவரையும் விடாமல் எல்லாரிடமும் போய், "இவரு என் மாப்பிள்ளை" என்று சொன்னார். கண்ணாடி போட்ட ஒரு டீச்சர் தங்கையோடு வந்திருந்தார்; அவரிடம் இரண்டு தடவை சொன்னார். உடை மாற்றும் அறையில் தனக்குப் பிடித்த ஆட்டக்காரரின் இடத்தில் உட்கார்ந்து அழுதார். மூக்கு ஒழுகியது. மஃப்ளரால் மூக்கைத் துடைத்துவிட்டு, அதே மஃப்ளரால் பெஞ்சையும் மரியாதையாகத் துடைத்து வைத்தார். ஐஸ் தொட்டித் தண்ணீரில் கையை விட்டுக் கண்ணில் ஒத்திக்கொண்டார். பல பேர் இறங்கி உட்கார்ந்த தண்ணீர் அது. அங்கேதான் முதல் தடவையாகப் பாத்ரூம் எங்கே என்று கேட்டார். கொஞ்சம் பொறுங்க மாமா, கடைசியில் போகலாம் என்றேன்.

அடுத்தது சுரங்கப் பாதை. அந்த இடத்தில் நான் எப்போதும் ஒரு விஷயம் சொல்வேன். நானும் ஒரு காலத்தில் இதே பாதை வழியாக ஜூனியர் அணிக்காக ஓடி வந்தவன், முழங்கால் போனதால் எல்லாம் போயிற்று என்று. சொல்லிவிட்டு ஒரு நிமிடம் மைதானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். கூட்டம் அமைதியாகிவிடும். சிலர் வந்து கையைப் பிடித்துக்கொள்வார்கள், அந்தக் கையைக்கூட நான் உதறுவதில்லை. இது பொய் என்று நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டாம். சமையலுக்கு உப்பு மாதிரி, வேலையில் ஒரு பகுதி, அவ்வளவுதான்.

மாமா ஆச்சரியப்பட்டுப் போனார்.

"அப்படியா மாப்பிள்ளை? எங்ககிட்ட சொல்லவே இல்லையே. கல்யாணம் பேசறப்போ செருப்புக் கடையில இருந்தீங்கன்னுதானே சொன்னாங்க?"

அவர் குத்திக்காட்டவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டுக் கேட்டார். யாரோ ஒருவன் பின்னாலிருந்து, "கோல் எல்லாம் செருப்பாலேயே அடிச்சிருப்பாரு" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். என் முகத்தைப் பார்த்ததும் மாமாவுக்கு ஏதோ உறைத்திருக்க வேண்டும். "இல்லைங்க, ஆடியிருப்பாரு. எனக்குத்தான் ஞாபகமறதி" என்று கையை ஆட்டினார். அதற்கு இன்னும் சத்தமாகச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

இதைத்தான் காரணம் என்று டீச்சர் உங்களிடம் சொல்லியிருக்கிறார். தப்பு. அதை நான் அந்த இடத்திலேயே மறந்துவிட்டேன். யார் யார் சிரித்தார்கள், யார் எங்கே நின்றிருந்தார்கள், யார் சிரிப்பை அடக்கிக்கொண்டு வாயைப் பொத்தினார்கள் என்று வேண்டுமானால் வரிசையாகச் சொல்கிறேன். ஆனால் அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

லாக்கப் கேலரிக்கு அடியில் இருக்கிறது. குடித்துவிட்டுக் கலாட்டா செய்கிறவர்களை மேட்ச் முடியும்வரை உட்கார வைக்கிற அறை. இரும்புக் கதவு, வெளிப்பக்கம் தாழ்ப்பாள், கதவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கண்ணாடி. உள்ளே சிமெண்ட் பெஞ்சைத் தவிர ஒன்றும் இல்லை. குழாய் இருந்தது, ஆனால் அதில் தண்ணீர் வந்து ரொம்ப காலம் ஆகிறது. நான் எப்போதும் குழுவில் ஒருவரை உள்ளே விட்டு ஒரு நிமிடம் கதவைச் சாத்துவேன். கண்ணாடி வழியாகப் போட்டோ எடுப்பார்கள். எல்லாருக்கும் பிடித்த இடம் அது.

"யார் கலாட்டா பண்ணப்போறீங்க?" என்றதும் மாமாதான் முதலில் கையைத் தூக்கினார். பாத்ரூம் அவசரத்தில் இருந்தவர், ஆனாலும் தூக்கினார். என்னைச் சமாதானப்படுத்தப் பார்த்தார் என்று நினைக்கிறேன். உள்ளே போய்க் குடிகாரன் மாதிரித் தள்ளாடிக் காட்டினார். நன்றாகவே செய்தார். நான் தாழ்ப்பாளைப் போட்டேன். எல்லாரும் போட்டோ எடுத்தார்கள்.

திறக்கலாம் என்று கையை வைத்தபோது கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அவருடைய பேண்ட் முன்பக்கம் நனைந்திருந்தது. ஈரம் தொடை வழியாக மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது. அவர் இரண்டு கையாலும் அதை மறைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரிக்க முயற்சி செய்தார்.

என்னால் திறக்க முடியவில்லை ஐயா. அதுதான் நடந்தது.

குழுவை வாசல் பக்கம் திருப்பியதும், "பெரியவரை உள்ளேயே விட்டுட்டீங்களே?" என்று டீச்சர் கேட்டார்.

"எங்க வீட்டு ஆள்தானே டீச்சர். கொஞ்சம் துணி நனைஞ்சிருக்கு, உங்க முன்னாடி வர்றதுக்குச் சங்கடப்படறாரு. எல்லாரையும் அனுப்பிட்டு நானே வந்து கூட்டிட்டுப் போறேன்."

டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பெத்த மகன்கூட இப்படிப் பார்த்துக்க மாட்டான்" என்றார்.

அவர்களை வாசல்வரை கொண்டுபோய் விட்டேன். எல்லாரும் கை கொடுத்தார்கள். கையைக் கழுவிவிட்டுத் திரும்பிப் போனேன். உள்ளேயிருந்து குரல் சன்னமாகத்தான் வந்தது.

"மாப்பிள்ளை, ஈரமாயிடுச்சு. மன்னிச்சுக்கங்க. வீட்டுல சொல்ல வேண்டாம்."

காயட்டும் என்று நினைத்தேன். காய்ந்த பிறகு திறப்பதுதான் இருவருக்கும் நல்லது என்று பட்டது. வீட்டுக்குப் போய், குழுவில் அவரோடு வேலை பார்த்த பழைய டிரைவர் ஒருவர் வந்திருந்தார், இருவரும் பேசிக்கொண்டே கிளம்பிவிட்டார்கள் என்று மனைவியிடம் சொன்னேன். அவள் மாத்திரையைப் பற்றிக் கவலைப்பட்டாள். சட்டைப்பையில்தானே இருக்கிறது என்றேன். அதில் பொய் எதுவும் இல்லை.

மறுநாள் திறக்கும் எண்ணத்தோடுதான் போனேன். நீங்கள் நம்புவது உங்கள் இஷ்டம். வெளியே இயந்திரங்கள் புல்லை உரித்துக்கொண்டிருந்தன, கட்டடமே அதிர்ந்தது. காவலாளி வெளிவாசலோடு சரி. அறைகளைப் பார்த்துப் பூட்டுகிற பொறுப்பு என்னுடையது. கதவுக்கு இந்தப் பக்கம் நின்று, "மாமா" என்றேன். உடனே குரல் வந்தது. கதவை ஒட்டியே உட்கார்ந்திருக்க வேண்டும்.

"வந்துட்டீங்களா மாப்பிள்ளை? எல்லாத்தையும் சட்டையால துடைச்சிட்டேன். சுருட்டி மூலையில வெச்சிருக்கேன். நாத்தம் அவ்வளவா இல்ல. நீங்க திறந்துட்டுத் தள்ளி நின்னுக்கங்க, நான் சுவர் ஓரமாவே வந்துடறேன்."

பாருங்கள், அவருக்கே தெரிந்திருந்தது. நான் ஏன் திறக்கவில்லை என்பதை அவர் சரியாகப் புரிந்துகொண்டிருந்தார். உள்ளே இருந்தவரே ஒப்புக்கொண்ட காரணத்தை இந்த மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு நீங்கள் ஒப்புக்கொள்ள மாட்டேன் என்கிறீர்கள். சட்டையால் துடைத்தேன் என்கிறார், சுருட்டி வைத்தேன் என்கிறார், எதைத் துடைத்தார், எதைச் சுருட்டினார் என்று நினைத்ததுமே எனக்குக் குமட்டியது. கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டேன். கதவைத் திறந்தால் அது என் மேல் வரும். என் சட்டையில், முடியில் ஏறும். நான் எப்படித் திறப்பது?

நாள் ஆக ஆகத் திறப்பது இன்னும் கஷ்டமாயிற்று. இது கணக்குத் தெரிந்த யாருக்கும் புரியும். முதல் நாளே திறக்க முடியாததை மறுநாள் எப்படித் திறப்பது, மறுநாள் திறக்க முடியாததை அதற்கு மறுநாள் எப்படி? ஆனாலும் நான் தினமும் போனேன். அவரை நான் கைவிடவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மற்ற நேரத்தில் மனைவியோடு தேடினேன். ஆஸ்பத்திரிகளுக்குப் போனோம். பிணவறையில் அவளை வெளியே உட்கார வைத்துவிட்டு நான் மட்டும் உள்ளே போய், துணியை விலக்கிக் காட்டச் சொல்லி முகம் முகமாகப் பார்த்து, அவர் இல்லை என்று வந்து சொன்னேன். அவள் என் தோளில் சாய்ந்து அழுதாள். அழுதால் அவளுக்கும் அப்பா மாதிரியே மூக்கு ஒழுகும். கைக்குட்டையைக் கொடுத்தேன், திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. மஃப்ளர் போட்ட போட்டோவை வைத்து 'காணவில்லை' நோட்டீஸ் அடித்தோம். சுவர் சுவராக ஒட்டியது நான்தான். பசை நகக்கண்ணுக்குள் போய்க் காய்ந்து, எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

"தண்ணி இல்லாம எங்கே விழுந்து கிடக்கறாரோ தெரியலையேங்க" என்று ஒருநாள் சாப்பிடும்போது சொன்னாள். அப்படியெல்லாம் நினைக்காதே என்று சொல்லி அவளைச் சாப்பிட வைத்தேன்.

அந்த நோட்டீஸைத்தான் டீச்சர் பார்த்திருக்கிறார். நீங்கள் வந்தீர்கள். தாழ்ப்பாளைத் திறந்த உங்கள் ஆட்கள் இருவரும் என்ன செய்தார்கள்? வெளியே ஓடி வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தார்கள். ஒருவர் தொப்பியிலேயே எடுத்தார். அவர்களை யாரும் கேள்வி கேட்கவில்லை. எனக்கு மட்டும் குமட்டக் கூடாது என்றால் அது என்ன நியாயம்?

தாழ்ப்பாளைப் போட்டது நான்தான். திறக்காமல் இருந்ததும் நான்தான். அவர் அந்த அறைக்குள்தான் செத்தார் என்பதும் எனக்குத் தெரியும். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று சொல்லுங்கள். ஆனால் அருவருப்பால் செய்தது என்று எழுதிக்கொள்ளுங்கள். வன்மம் என்று எழுத வேண்டாம். அது சின்ன மனிதர்களுடைய குணம்.

இந்தப் படத்தை ஏன் திரும்பத் திரும்ப ஓட்டுகிறீர்கள்? லாக்கப் நடையில் இருக்கும் கேமரா, ஸ்டேடியம் மூடியிருக்கும்போதும் ஓடும் என்று எனக்குத் தெரியாது, ஒத்துக்கொள்கிறேன். தினமும் போனேன் என்று நானே சொன்னேனே.

கைக்குட்டை மூக்கில் இல்லை என்கிறீர்கள். சரி, பார்க்கிறேன். இல்லைதான். காது கதவில் ஒட்டியிருக்கிறது என்கிறீர்கள். கன்னமும் ஒட்டித்தான் இருக்கிறது. அந்தக் கதவை எத்தனை பேர் தொட்டிருப்பார்கள். எனக்கு ஞாபகம் இல்லை. சிரிக்கிறேனா? படம் தெளிவாக இல்லை.

அவர் பேசினார், கேட்டேன். வேறென்ன? அந்தச் செருப்புக் கடைப் பேச்சுக்காக மன்னிப்புக் கேட்டார். நான் அதைப் பற்றி ஒரு வார்த்தை எடுக்கவில்லை, அவராகத்தான் எடுத்தார். நா வறண்டு ஒவ்வொரு சொல்லாக வந்தது.

"வெளியே வந்ததும் எல்லார்கிட்டயும் சொல்றேன் மாப்பிள்ளை. நீங்க ஆடினீங்கன்னு சொல்றேன். நானே பார்த்தேன்னு சொல்றேன்."

"எங்கே பார்த்தீங்க மாமா?" என்று கேட்டேன். கேட்கக் கூடாதா?

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு சொல்ல ஆரம்பித்தார். வெயிலில் நின்றிருந்தாராம். சுரங்கப் பாதையிலிருந்து நான்தான் முதலில் ஓடி வந்தேனாம். சட்டை வெள்ளையா நீலமா என்று கேட்டேன், நீலம் என்றார். பந்து இடது பக்கத்திலிருந்து வந்தது, இரண்டு பேரைத் தாண்டிக்கொண்டு போனேன், கூட்டம் முழுக்க எழுந்து நின்றது என்றார். வாழ்நாள் முழுக்க மேட்ச் பார்த்தவர் இல்லையா, ஒன்றுவிடாமல் சொன்னார். கோலை மட்டும் மறுபடி சொல்லச் சொன்னேன். சொன்னார். நடுவே தண்ணீர் கேட்டார். முதலில் சொல்லி முடிங்க மாமா என்றேன். அடுத்த நாளும் விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தார். குரல் காற்றாகிவிட்டிருந்தது, அதனால்தான் காதை வைத்தேன்.

கடைசியாக ஒரு கேள்வி கேட்டீர்கள். உள்ளே சத்தம் நின்றுபோன பிறகும் காலையிலிருந்து சாயங்காலம் வரை ஏன் அங்கேயே நின்றிருந்தாய் என்று.

அவர் இடைவேளை வரைக்கும்தான் சொல்லியிருந்தார் ஐயா. மீதி ஆட்டத்துக்காக நின்றிருந்தேன்.